பத்து ரூபாய் ஸ்டிக்கர்

மலைக்கடையில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல்.
காலியைத் திருப்பிக் கொடுத்தால்
பத்தும் திரும்பிவிடும்.
காட்டுமாட்டின் குளம்பில் கண்ணாடி ஏறக்கூடாதாம்,
அதற்காக.
ஸ்டிக்கர் ஒட்டுவது நான்.
மூஞ்சிக்கல் டாஸ்மாக், விற்பனையாளர், பதினான்கு வருஷம்.
பசை காய்ந்த விரலோடுதான் சோறு பிசைகிறேன்.

தம்பி வேலப்பன் மதுரைச் சிறையில்.
இரண்டேகால் கிலோ.
அவன் விற்றதில் ஸ்டிக்கர் கிடையாது.
திருப்பிக் கொடுக்கவும் எதுவும் மிஞ்சாது.

முதலில் அவன் காளான்தான் காட்டினான்.
ஜூன் மழைக்குப் பிறகு
மன்னவனூர்ப் புல்வெளியில்
காசைத் தொலைத்தவர்கள்போல் குனிந்து நடப்பார்கள்
பெங்களூர் வண்டிக்காரர்கள்.
சாணியைக் கிளறிக் காட்டினால் ஐந்நூறு.
பூண்டுக் காட்டில் பொழுதெல்லாம் களை எடுத்தால் நானூறு.
கணக்கில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

போன வாரம் மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேர்
கடைத் தகரத்தின் கீழ் வாதாடினார்கள்.
தாடிக்காரர் சொன்னார்:
'அதுவும் ஒரு செடிதானே. லைசென்ஸ் கொடு, வரி போடு,
வயசு பார்த்து விற்கட்டும். ஜெயில் பாதி காலியாகும்.'
கூட வந்த அம்மா டாக்டர் போலிருக்கிறது.
'பத்தொன்பது வயசில் பல்போடு பேசுகிறவர்களை
என் வார்டில் வந்து பாருங்கள்' என்றார்.
'கடை திறந்தால் குறையுமா?
இதோ நிற்கிறோமே, ஒரு கடை வாசலில்.'
தாடிக்காரர் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி
'அண்ணே, நீங்க சொல்லுங்க' என்றார்.
மீதி அறுபது, என்றேன்.

சொல்லியிருக்கலாம்.
எங்கோ ஒரு கையெழுத்து இடம் மாறினால்
வேலப்பன் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும்,
நான் வாய்தாவுக்கு பஸ் ஏறுவேன்.
ராத்திரியில் இப்படி நினைத்துக்கொண்டால்
கொஞ்சம் தூக்கம் வரும்.
அப்புறம் ரெனிஸ் வருவான்.

சந்தியாகுவின் மகன். பிளஸ் டூ.
சோலைக்குள் மூன்று நாள் கிடந்தவனை
தூக்கிக்கொண்டு வந்தார்கள்.
யாரோ கூப்பிடுகிறார்கள் என்று
இன்னமும் ஜன்னலைத் திறந்து திறந்து மூடுகிறான்.
பொட்டலம் வேலப்பனுடையது.
சட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்தா இழுத்தது
அந்தப் பிள்ளை?

சந்தியாகு ஏரியைச் சுற்றிக் குதிரை நடத்துகிறவர்.
முன்பு குடித்துப் பார்த்ததில்லை.
இப்போது தினம் பன்னிரண்டு மணிக்கு ஒரு குவார்ட்டர்.
நான் யாருடைய அண்ணன் என்று அவருக்குத் தெரியும்.
சில்லறையைத் தவிர
எங்களுக்குள் பேச்சில்லை.

நேற்று பள்ளிக்கூடப் பேரணி.
கடையைத் தாண்டும்வரை
ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார் சூப்பர்வைசர்.
கால்கள் மட்டும் தெரிந்தன.
கறுப்பு ஷூக்கள், சேறு தெறித்த சாக்ஸ்,
அவிழ்ந்து இழுபடும் ஒரு நாடா.
அதில் ஒரு ஜோடி
என் தீபாவளி போனஸில் வாங்கியது.
'போதை' என்று ஒரு குரல்,
'வேண்டாம்' என்று நூறு.
நூறில் என் மகளைப் பிரித்தெடுக்கப் பார்த்தேன்,
முடியவில்லை.

ஷூக்களுக்கு நடுவே
நகராமல் நின்றது ஒரு ஜோடி கம்பூட்ஸ்,
கடையைப் பார்த்தபடி.
ஷட்டருக்கு அடியில் ஒரு கை நீண்டது.
குதிரை வாடை. காலி பாட்டில்.
ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது.
பத்து ரூபாயை வைத்தேன்.

கை உடனே போகவில்லை.
'உன் தம்பிக்கு ஜாமீன் எப்போ?'
கோபமா, வேறெதுவுமா,
முகம் தெரியவில்லை எனக்கு.
புதன்கிழமை வாய்தா, என்றேன்.
அந்தச் சத்தத்தில்
கேட்டதோ என்னவோ.